ஐப்பசி மழைக்கு டயர் மாத்துறப்போ பண்ற கூத்து

நேத்து மன்னார்குடியில ஒரு டயர் கடை வாசல்ல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தேன், ஒரு தம்பி புதுசா ரெண்டு டயர் வாங்கி காருக்கு முன்னாடி மாட்டச் சொல்லிட்டு இருந்தான், 12 வருஷத்துக்கு முன்ன நான் சொன்ன அதே வார்த்தை. வாய் சும்மா இருக்குமா, கிட்டப் போய் புதுச பின்னாடி போடுப்பான்னு சொன்னேன், யாருடா இந்த ஆளுன்னு பாத்துட்டு திரும்பிக்கிட்டான். மொட்ட டயரோட மழையில போகாதீங்கன்னுலாம் இதுல சொல்ல மாட்டேன், அது தெரியாதவங்க யாரு.

புதுச முன்னாடி போடுறது

இழுக்குறது முன் சக்கரம், ஸ்டியரிங் முன்னாடி, பிரேக் புடிச்சா பாரமும் முன்னாடிதான் வருது, அப்போ நல்ல டயர் முன்னாடிதானே? கேக்க நியாயமாத்தான் இருக்கும். நானும் அப்டித்தான் போட்டேன். குறுவை அறுப்பு நேரம், கொரடாச்சேரி தாண்டி ஒரு வளைவு, ரோட்டுல வைக்கோல் ஊறிக் கெடக்கு, டிராக்டரோட கேஜ் வீல்லேர்ந்து (சேத்துல ஓட்ட மாட்டுற இரும்புச் சக்கரம்) விழுந்த சகதி வேற. வேகம் 60 இருக்கும். முன்னாடி ரெண்டும் கெட்டியா புடிச்சுது, பின்னாடி தேஞ்ச ரெண்டும் வழுக்கி வண்டி பம்பரமா சுத்தி, வந்த பக்கமே மூஞ்சிய காட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரு பின் சக்கரம் வாய்க்கா கரையில தொங்குது. உள்ள மாமியார். அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சு இன்னும் முடியல.

முன் டயர் வழுக்குனா ஸ்டியரிங் லேசாயிடும், கைக்குத் தெரியும், ஆக்ஸிலேட்டர்லேர்ந்து மெதுவா கால எடுத்தா பெரும்பாலும் திரும்ப புடிச்சிக்கும். பின் டயர் சொல்லிட்டு வழுக்காது, நமக்குத் தெரியுறப்போ வண்டி பாதி சுத்தியிருக்கும், அப்போ பயந்து கால எடுத்தா பாரம் முன்னாடி வந்து பின்பக்கம் இன்னும் லேசாயிடும். அதனால முன் சக்கரம் இழுக்குற வண்டியா இருந்தாலும் ரெண்டுதான் வாங்குறீங்கன்னா புதுசு பின்னாடி, பின்னாடி இருந்தது முன்னாடி. "சார் முன்னாடிதான சீக்கிரம் தேயும்"பாங்க கடையில. தேயட்டும். பழசுலயும் பட்டன், அதான் ரோட்ட புடிக்குற மேல் ரப்பர் கட்டி, ரொம்ப இறங்கிடுச்சுன்னா நாலயும் மாத்துங்க. பட்டனுக்கு நடுவுல பள்ளத்துக்குள்ள தெரியுற குட்டி மேடு 1.6 மில்லிமீட்டர், நம்ம அடமழைக்கு பட்டன் அந்த மேடு மட்டத்துக்கு தேயுற வரைக்கும் ஓட்டக் கூடாது.

பட்டன மட்டும் பாத்து வாங்குறது

பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 3219ன்னா 2019ல 32வது வாரம் செஞ்சது. குடோன்ல வருஷக்கணக்கா கெடந்த டயர்ல பட்டன் புதுசாட்டம் இருக்கும், ரப்பர் காஞ்ச வரட்டி.

கனடா மச்சான் சொன்ன விண்டர் டயர்

அது பனிக்கு. 7 டிகிரிக்கு கீழ போனாலும் இறுகிப் போகாத மெத்து ரப்பர், அதுல மலைக்குள்ள பனித்துகள் வரைஞ்ச முத்திரை இருக்கும். வேதாரண்யத்துல மார்கழி விடியக்காலையில கூட அந்தக் குளிர் கிடையாது, நம்ம வெயிலுக்கு அது சட்டுனு தேஞ்சிடும். மச்சானுக்கு அங்க சரி.

காத்து

டயர்ல போட்டிருக்கறது உச்சவரம்பு. நீங்க அடிக்க வேண்டிய அளவு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர்ல இருக்கு.

அம்புக்குறி

சில டயர் பக்கவாட்டுல சுத்த வேண்டிய திசைக்கு அம்பு போட்டிருக்கும், அத திருப்பி மாட்டிடாதீங்கய்யா.