நாயின் மன அழுத்தம்: நாம் செய்யும் தவறுகள்

நாய் கடித்த பிறகு பதறும் நாம், அதற்கு வெகு முன்பே அது காட்டிய அறிகுறிகளைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். தூக்கம் வராத வேளையில் கொட்டாவி விடுவது, எதிரில் உணவு இல்லாதபோதும் மூக்கை நக்கிக்கொள்வது, வெயிலோ ஓட்டமோ இன்றி மூச்சிரைப்பது, நனையாத உடம்பை உதறுவது ஆகிய எல்லாம் மன அழுத்தத்தின் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அந்த நேரத்தில் நாயைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் புகைப்படங்களை நாம் ரசிக்கிறோம். அத்தகைய படம் ஒன்றைச் சற்று உற்றுப் பாருங்கள்: பல நேரங்களில் நாயின் காதுகள் பின்னால் ஒட்டியிருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், தலை குழந்தையிடமிருந்து விலகியிருக்க, ஓரக்கண்ணில் வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். அணைப்பு நமக்கு அன்பு. விலகிச் செல்ல வழியில்லாத நாய்க்கோ அது பிடி.

வாலாட்டினாலே மகிழ்ச்சி என்று நம்புவதும் தவறுதான். வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கமும், முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கமும் கூடுதலாக அசைந்ததை 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். விறைத்து உயர்ந்த வாலின் வேகமான சிறு அசைவை வரவேற்பாகக் கொள்ளக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, உறுமும் நாயை அடிப்பதும் அதட்டுவதுமே என்பேன். உறுமல் என்பது, "இதற்கு மேல் வேண்டாம்" என்று நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்கினால் அச்சம் அப்படியே இருக்க எச்சரிக்கை மட்டும் மறைந்துபோகும், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும். உறுமினால் உடனே விலகுங்கள். எதைக் கண்டு உறுமியது என்பதைப் பிறகு நிதானமாக ஆராயுங்கள்.

பயம் தெளியட்டும் என்று அஞ்சும் பொருளுக்கு அருகே இழுத்துச் செல்வது பயத்தை வளர்க்கும். நாய் இயல்பாக இருக்கும் தொலைவில் நின்று, பிடித்த தின்பண்டம் கொடுத்து, நாள்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் நெருங்க வேண்டும். இடியோசைக்கு நடுங்கும் நாயைத் தேற்றினால் பயம் கூடிவிடும் என்பதும் வீண் கவலை. அது உங்களிடம் வந்தால் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள், கட்டிலுக்கடியில் ஒளிந்தால் வெளியே இழுக்காதீர்கள். நடைப்பயிற்சியில் அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுவதும் பல நாய்களை அமைதிப்படுத்தும்.

மனிதர்களுக்கான மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் தொட்டாலே சீறினால், குணம் கெட்டுவிட்டது என்று எண்ணுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லிலோ மூட்டிலோ காதிலோ வலி இருக்கலாம்.