மூளை ரத்தக்கசிவுக்குப் பின் வரும் கவனச் சிதறல்: கோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையில் அடி எதுவும் படாமல், ரத்த அழுத்தத்தாலோ ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தோ மூளையில் ரத்தம் கசிந்து பிழைத்தவர்கள் பலருக்கு, கை கால் தேறிய பிறகும் மனம் ஒரு வேலையில் நிலைக்காது. கை வராவிட்டால் வீட்டார் கண்ணுக்கே தெரிந்துவிடும். இது தெரியாது. மெடிக்கல் கோடிங்கிலும், அதாவது சார்ட்டில் (நோயாளியின் மருத்துவப் பதிவில்) உள்ள நோயை அதற்குரிய கோடாக மாற்றும் வேலையிலும், இது அடிக்கடி தவறிப்போவதால், அமெரிக்க சார்ட்டுகளை ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் கோடுப் பட்டியலை வைத்துப் பார்க்கும் நம் ஊர் கோடர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு ஆர்41.840. 'அட்டென்ஷன் டெஃபிசிட்' (கவனக் குறைபாடு) என்ற சொல்லை மட்டும் பார்த்து இதைப் போட்டுவிடுகிறார்கள். இது வெறும் அறிகுறிக்கான கோட். ஆர்41.84-இன் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்பைப் (இந்தக் கோடில் சேராதவை எவை என்று சொல்வது) படித்தாலே, ரத்தக்குழாய் நோயின் பின்விளைவாக வந்த குறைபாட்டுக்கு ஐ69-க்குப் போகச் சொல்வது தெரியும். 2016 அக்டோபர் 1 முதல் இதற்கென்றே ஆறு இலக்க கோடுகள் இருக்கின்றன: சப்அரக்னாய்டு கசிவு (மூளையை ஒட்டிய உறைகளுக்கு இடையே) என்றால் ஐ69.010, மூளைத் திசுவுக்குள் கசிவு என்றால் ஐ69.110, சப்டியூரல் (மூளையின் வெளி உறைக்கு அடியில்) போன்ற மற்றவை என்றால் ஐ69.210. ஐ69.11 என்று ஐந்தோடு நிறுத்தினால் செல்லாது.

ஒரு டாக்டர் நோட்டை எடுத்துக்கொள்வோம். 62 வயது, ரத்த அழுத்தம், சென்ற ஆண்டு பேசல் கேங்லியாவில் (மூளையின் உட்பகுதி) கசிவு. 'அதற்குப் பிறகு இரண்டு வரி படிப்பதற்குள் கவனம் போய்விடுகிறது' என்கிறார். டாக்டர் முடிவாக, பழைய ஐசிஹெச்சால் (மூளைத் திசுவுக்குள் கசிவு) வந்த கவனக் குறைபாடு என்று எழுதியிருக்கிறார். ஐ69.110, ரத்த அழுத்தத்துக்கு ஐ10. அவ்வளவுதான். இங்கே ஐ61 போடக் கூடாது. அது இப்போது நடக்கும் கசிவுக்கு. புதிதாக ஒரு ஸ்ட்ரோக் வந்து, பழையதன் குறைபாடும் இருந்தால் மட்டுமே இரண்டும் சேர்ந்து வரும். ஓராண்டு ஆகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம், பின்விளைவு கோடுக்குக் காலக்கெடு கிடையாது.

எஃப்90-ஐப் போடுவது இன்னும் மோசம். அது ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு. டாக்டர் சொல்லாத ஒரு நோயை அந்த மனிதரின் ரெக்கார்டில் ஏற்றிவிடுகிறோம்.

சப்டியூரல் என்றாலே நின்று படியுங்கள். வயதானவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அடிபட்டதால் வந்தது என்றால் அது எஸ்06 பக்கம், ஐ69 அல்ல. எது என்று சார்ட்டில் தெளிவில்லை என்றால் ஊகிக்காதீர்கள், க்வெரி போடுங்கள், அதாவது டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

குறைபாடு எதுவும் மிச்சமில்லாதவருக்கு ஐ69 வேண்டாம். அதற்காக இசட்86.73-க்கும் போகாதீர்கள், அது டிஐஏ (சற்று நேரத்தில் தானே சரியாகிவிடும் தற்காலிக ரத்த அடைப்பு), ரத்தம் அடைபட்டு வரும் ஸ்ட்ரோக் இரண்டுக்கும்தான். கசிவுக்கு இசட்86.79.

ஸ்பீச் தெரபிஸ்ட் கவனக் குறைபாட்டை விரிவாக எழுதியிருப்பார், டாக்டர் நோட்டில் 'ஹிஸ்டரி ஆஃப் ஐசிஹெச்' மட்டும் இருக்கும். தெரபிஸ்ட் நோட்டை வைத்து மட்டும் கோட் போட முடியாது. க்வெரியில் தெரபிஸ்ட் கண்டதைச் சுட்டிக்காட்டி, 'இதற்குக் காரணம் என்ன?' என்று திறந்து கேளுங்கள். 'பழைய கசிவுதானே?' என்று பதிலையும் நீங்களே எழுதி அனுப்பினால் ஆடிட்டில் அந்த க்வெரி நிற்காது.