கடைக்கு வருபவரை உபசரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகத் துணிக்கடை தொடங்கிய ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் மிட்டாய்த் தட்டோடு ஒரு பெண் நின்றிருந்தார். உள்ளே வந்தவர் மிட்டாயின் உறையைப் பிரிப்பதற்குள் இரண்டு பேர் அவரை மறித்துச் சட்டைகளை விரித்துவிட்டார்கள். என் செருப்புக் கடையின் முதல் வருடம் அப்படியே கண்முன் வந்தது. நமுத்துப்போன பிஸ்கட், கழுவாத டம்ளர் பற்றியெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தாண்டிய விஷயங்களைச் சொல்கிறேன்.

கொடுத்ததை அங்கேயே வசூலிப்பது

எனக்கு அதிக நஷ்டம் தந்தது இதுதான். இன்றும் யாராவது செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஒரு அம்மா வந்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். ஐந்து ஜோடி போட்டுப் பார்த்தார், எதுவும் அமையவில்லை. எழுந்திருக்கப் போனவரிடம், "காபியை முடிச்சிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஆறாவது ஜோடியை எடுத்து வைத்தேன். விரல் பக்கம் இறுக்கம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "போடப் போடச் சரியாயிடும்" என்றேன். கையிலிருந்த டம்ளரை ஒரு முறை பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து அவர் மகன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். அவர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவே இல்லை. ஒரு நாள் தெருவின் எதிர்ப்பக்கம் நடந்துபோனார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு காபியை வைத்து ஒரு மனுஷியைச் சங்கடப்படுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு ஜோடியை விற்று, ஒரு குடும்பம் பல வருடங்களுக்கு வாங்கியிருக்கக்கூடிய அத்தனையையும் இழந்தேன்.

உபசரிப்பு விற்பனையைக் கூட்டும் என்பது பொய்யில்லை. டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் நடத்திய ஒரு சோதனை 1971-இல் வெளியானது. கேட்காமலே ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்த ஆள், கொஞ்ச நேரம் கழித்துப் பரிசுச்சீட்டு விற்றான். பானம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். இதைக் கேட்டதும் பலர் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் அவனிடம் மறுபடி வாங்க வர வேண்டியதில்லை. நமக்கு வருபவர் திரும்பி வர வேண்டும். கடன்பட்ட உணர்வில் வாங்கியவர் அந்தக் கடனைத் தீர்த்த கையோடு நம்மையும் மறக்கப் பார்ப்பார்.

அதனால் காபி கொடுத்தால் இரண்டடி தள்ளிப் போங்கள். குடித்து முடிக்கும் வரை சரக்கைப் பற்றிப் பேச வேண்டாம். வாங்காமல் எழுந்தாலும், வாங்கியவரை அனுப்புகிற அதே முகத்தோடு அனுப்புங்கள். நான் மிட்டாய் ஜாடியை வாசலுக்குப் பக்கத்தில் மாற்றினேன். வெறுங்கையோடு போகிறவருக்கும் அங்கே ஒன்று உண்டு. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்களில் நிறைய பேர் அப்படிப் போனவர்கள்தான்.

இயந்திரம் போல நீட்டுவது

அமெரிக்க உணவகம் ஒன்றில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. பில்லோடு ஒன்றும் தராதபோது டிப்ஸ் சுமார் 19 சதவீதம். ஆளுக்கு இரண்டு மிட்டாய் தந்தபோது 21.6. அதே இரண்டை, ஒன்று கொடுத்துவிட்டுத் திரும்பப் போவது போலப் போய் இன்னொன்றாகத் தந்தபோது சுமார் 23. மிட்டாயின் எண்ணிக்கை மாறவில்லை, 'இது எனக்காக' என்ற உணர்வு மட்டும் கூடியது. இதையே பணியாளர்களுக்கு நடிப்பாகக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். ஒருவரே இரண்டு முறை பார்த்தால் தெரிந்துவிடும். மழையில் நனைந்து வந்தவருக்குத் துடைக்க ஒரு துண்டு, வயதானவருக்குக் கேட்காமலே ஒரு நாற்காலி, இவை போதும்.

கையை நிறைத்துவிடுவது

ஒரு கையில் டம்ளர் இருந்தால் சரக்கை எப்படித் தொட்டுப் பார்ப்பார்? பக்கத்தில் சின்ன மேசை போடுங்கள். கொக்கோ வெண்ணெய் உடல் சூட்டிலேயே உருகும். சாக்லேட் கொடுத்தால் அந்த விரல் அடுத்து துணியில்தான் படும். துடைக்கக் காகிதமும் குப்பைக்கூடையும் இல்லாமல் சாக்லேட் வேண்டாம்.

குழந்தையிடம் நேராகக் கொடுப்பது

பெற்றோரைக் கேளுங்கள். மிகச் சின்னக் குழந்தைக்குக் கடினமான மிட்டாய் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும்.

உறை இல்லாத தின்பண்டம்

கடலையோ பாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. சேர்மானம் அச்சிட்ட உறையோடு கொடுங்கள்.

வியாபாரம் மந்தமானதும் நிறுத்துவது

நானும் ஒரு முறை நிறுத்தினேன். வழக்கமாக வருபவர் ஒருவர், "என்ன, கடை சரியில்லையா?" என்று கேட்டார். மோசமான மாதத்திலும் தாங்குகிற அளவில் தொடங்குங்கள். காபி கட்டாதா, குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், ஆனால் தினமும் வையுங்கள்.