மூன்று பார்ட்டுக்கு ஒரே பி.சி.டி.: கேட் (CAD, கணினியில் வரையும்) மென்பொருளில் இணைத்த அளவுகளைப் புதுப்பிக்கும் முறை

இராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் வேலைகளுள் ஒன்று ஃபிளான்ஜ் ஜோடி. குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகளான இரண்டு ஃபிளான்ஜ், நடுவில் கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கட், இம்மூன்றிலும் பி.சி.டி. எனப்படும் போல்ட் வட்ட விட்டம் (போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த பட்டறையில், 360 மி.மீ. பி.சி.டி.யுடன் வந்த ஆர்டர் பாதியில் 350 ஆக மாறியது. ஃபிளான்ஜ்களைத் திருத்தினேன். கேஸ்கட்டை, பார்ட்டுகளை ஒன்றாகப் பொருத்திக் காட்டும் கோப்பான அசெம்பிளிக்குள் இருந்தபடி ஃபிளான்ஜின் துளைகளைப் பிடித்தே வரைந்திருந்ததால் அது தானாக மாறியிருக்கும் என்று நம்பி, அந்தக் கோப்பை மட்டும் திறந்து வெட்டுவதற்கான டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பு எடுத்து வெட்டக் கொடுத்துவிட்டேன். பொருத்தும்போது ஒவ்வொரு 22 மி.மீ. துளைக்குள்ளும் கேஸ்கட் பிறைபோல 5 மி.மீ. எட்டிப் பார்த்தது. 20 மி.மீ. விட்டமுள்ள எம்20 போல்ட் ஒன்றுகூட நுழையவில்லை.

இணைப்பு அறுந்திருக்கவில்லை, அளவு வந்து சேரவில்லை என்பதே அங்கு நடந்தது. சாலிட்ஒர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் இவ்வாறு வரைந்த பார்ட், தான் சார்ந்திருக்கும் அசெம்பிளி திறந்திருக்கும்போதுதான் புதிய அளவை எடுத்துக்கொள்ளும். பார்ட்டை வரைந்த படிகளை வரிசையாகக் காட்டும் ஃபீச்சர் மரத்தில் பெயரை அடுத்து வெறும் அம்புக்குறி இருந்தால் மூலக் கோப்பு திறந்திருக்கிறது என்றும், அம்புக்குறியோடு கேள்விக்குறியும் இருந்தால் மூலம் திறக்கப்படவில்லை என்றும் பொருள். அன்று அந்தக் கேள்விக்குறி என் கண்முன்னே இருந்தும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆகவே பார்ட்டுக்குப் பார்ட் அளவைப் பிடிப்பதைக் குறைத்து, பொது அளவுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்து, அங்கிருந்து எல்லாப் பார்ட்டுகளும் எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன். சாலிட்ஒர்க்ஸில் ஈக்குவேஷன்ஸ் சாளரத்தைத் திறந்து, பி.சி.டி., துளை விட்டம், துளை எண்ணிக்கை ஆகியவற்றைக் குளோபல் வேரியபிள்களாக (பெயர் சூட்டிய பொது அளவுகளாக) பதிந்து, அவற்றை ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். பிறகு மற்ற பார்ட்டுகளில் அதே கோப்பை இம்போர்ட் செய்யும்போது, வெளிக்கோப்போடு இணைக்கும் கட்டத்தில் டிக் போட மறக்கக் கூடாது. மறந்தால் அளவு ஒருமுறை நகலாகி அத்தோடு நின்றுவிடும். ஃபிளான்ஜின் வெளி விட்டத்தை எண்ணாக எழுதாமல் பி.சி.டி.யுடன் 60 கூட்டிய சமன்பாடாக எழுதினால் அதுவும் கூடவே மாறும். டெக்ஸ்ட் கோப்பைத் திருத்திய பின் பார்ட்டுகளை மூடித் திறந்து, கண்ட்ரோல்–கியூ அழுத்தி முழு ரீபில்ட் செய்து சேமிப்பது என் வழக்கம். கண்ட்ரோல்–பி மாற்றம் கண்டதாக மென்பொருள் கருதும் ஃபீச்சர்களை மட்டுமே திரும்பக் கட்டும் என்பதால், சந்தேகமுள்ள இடத்தில் அதை நான் நம்புவதில்லை.

இன்வென்டர் என்ற மற்றொரு கேட் மென்பொருளில் பாராமீட்டர்ஸ் சாளரத்திலுள்ள லிங்க் பொத்தான் வழியாக ஓர் எக்செல் கோப்பையோ மற்றொரு பார்ட்டையோ இணைக்கலாம். மூலக் கோப்பைச் சேமித்த பிறகே அப்டேட் கொடுக்க வேண்டும். உரிமக் கட்டணம் இல்லாத ஃப்ரீகேடில் ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து, மற்ற கோப்பின் ஸ்கெட்ச்சில் அளவுக்குரிய எக்ஸ்பிரஷனில் மூலக் கோப்பின் பெயர், ஹேஷ் குறி, ஸ்ப்ரெட்ஷீட்டின் பெயர், புள்ளி, மாற்றுப்பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும். இரண்டு கோப்புகளையும் ஒருமுறையாவது சேமித்திருந்தால்தான் இது செல்லுபடியாகும்.

எந்த மென்பொருளானாலும் அளவு ஒரே திசையில்தான் ஓட வேண்டும். ஃபிளான்ஜ் கேஸ்கட்டிடமும், கேஸ்கட் ஃபிளான்ஜிடமும் அளவு கேட்கும்படி வைத்தால் சுற்றிச் சுற்றி வரும் பிழையில் மாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு ரீபில்டிலும் அளவு மாறிக்கொண்டே போவதும் உண்டு.

இணைத்து முடித்ததும் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. பி.சி.டி.யை 400 என்று வேண்டுமென்றே மாற்றி, ரீபில்ட் செய்து, மூன்று பார்ட்டிலும் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே மெஷர் கருவியால் அளந்து பார்த்துவிட்டு, பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். 350ஐ 352 ஆக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வித்தியாசம் திரையில் கண்ணுக்குப் படாது.

புது ஆர்டருக்குப் பழைய ஃபோல்டரை அப்படியே காப்பி செய்வது எங்கும் உள்ள பழக்கம். அப்படிச் செய்தால் புதிய பார்ட்டுகள் பழைய டெக்ஸ்ட் கோப்பையே தேடிப் போகும் ஆபத்து உண்டு. சாலிட்ஒர்க்ஸில், தொடர்புடைய கோப்புகளை ஒன்றாக நகலெடுக்கும் பேக் அண்ட் கோ மூலம் எடுத்தாலும், ஈக்குவேஷன்ஸ் சாளரத்தின் அடியில் தெரியும் கோப்புப் பாதையை ஒருமுறை படித்துவிடுங்கள். முடிந்த வேலையின் அளவு இனி மாறக் கூடாது என்றால் வெளி ரெஃபரன்ஸை (வேறு கோப்போடுள்ள இணைப்பை) லாக் செய்யலாம். தேவைப்படும்போது அன்லாக் செய்துகொள்ளலாம். பிரேக் செய்துவிட்டால் அந்த இணைப்பைத் திரும்பப் பெற இயலாது.

டி.எக்ஸ்.எஃப். கோப்புக்கு எந்த இணைப்பும் கிடையாது. எடுத்த நொடியின் அளவே அதில் நிற்கும். அதனால் திருத்தம் வந்தவுடன் பழைய டி.எக்ஸ்.எஃப்.களை நீக்கிவிட்டு, புதியதன் பெயரில் ரிவிஷன் எண்ணைச் சேர்த்து, லேசர் கட்டிங்குக்கு அனுப்புமுன் அந்தக் கோப்பையே திறந்து பி.சி.டி.யை அளந்துவிடுகிறேன்.