சத்துணவு, கழிப்பறை பற்றிப் பிள்ளைகளிடம் கேட்பது எப்படி

வகுப்பறையில் நின்று "சாப்பாடு நல்லா இருக்கா?" என்று கேட்டால், "நல்லா இருக்கு சார்!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். அது கருத்தல்ல, பழக்கம். ஆசிரியரும் சமையலரும் பக்கத்தில் இருந்தால் வேறு பதில் வராது. நீங்கள் பிள்ளைகளோடு பேசும் நாற்பது நிமிடம் அவர்கள் அங்கே இல்லாதபடி முன்னதாகவே பேசிவிடுங்கள். குறை கண்டுபிடிக்க வரவில்லை என்று சமையலரிடம் நேரில் சொல்வதும் முக்கியம். இல்லாவிட்டால் மறுநாள் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைதான் சிடுசிடுப்பைத் தாங்க வேண்டிவரும்.

ஒரு குழுவுக்கு ஆறேழு பேர் போதும். மூன்றாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் கலந்தால் பெரியவர்கள் பேசுவார்கள், சின்னவர்கள் தலையாட்டுவார்கள். ஆசிரியரே ஆள் பொறுக்கினால் நன்றாகப் படிக்கிறவர்கள்தான் வருவார்கள். வருகைப் பதிவேட்டில் ஐந்துக்கு ஒருவர் என்று எண்ணி எடுங்கள். மாற்றுத்திறன் பிள்ளைகள் அந்த எண்ணிக்கையில் விடுபட்டால் அவர்களையும் சேருங்கள். பெயர் எழுத மாட்டோம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியங்கொட்டை வாக்கெடுப்பு நன்றாக வேலை செய்யும். "முழுசா சாப்பிட்டேன்", "மிச்சம் வைத்தேன்", "சாப்பிடவே இல்லை" என்று மூன்று டப்பா. நேற்றுப் போட்ட சாதத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு டப்பாவில் ஒரு கொட்டை போடட்டும், முட்டைக்கு ஒரு சுற்று தனியாக. டப்பாக்களைத் துணி மறைப்புக்குப் பின்னால் வையுங்கள். வெளியில் வைத்தால் முதல் பிள்ளை போட்டதிலேயே எல்லாரும் போடுவார்கள். டப்பாவில் அடையாளமாகச் சிரித்த முகம், அழுத முகம் ஒட்ட வேண்டாம். அழகாக இருக்கிறது என்று சிரித்த முகத்துக்கே சின்னப் பிள்ளைகள் போடுவார்கள். 'முழுசா சாப்பிட்டேன்' என்பதற்குக் காலித் தட்டுப் படம் ஒட்டினாலும் குழப்பும்: 'எனக்குப் போடவில்லை' என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அதனால் முதலில் ஒத்திகை பாருங்கள். பிறகு, ஏன் மிச்சம் வைத்தார்கள் என்று பொதுவாகக் கேளுங்கள்.

கழிப்பறைக்குப் பெண்பிள்ளைகள் தனிக்குழு. கேட்பவரும் பெண்ணாக இருக்கட்டும். உட்கார்ந்து கேட்பதைவிட அவர்களையே கூட்டிப்போய்க் காட்டச் சொல்வது மேல். தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருப்பதும், வாளி இருந்து குவளை இல்லாததும் அப்போதுதான் தெரியும். "நேற்று பள்ளியில் எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய்?" என்றும் கேளுங்கள். கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரே குடிக்காத பிள்ளை இந்தக் கேள்வியில்தான் தெரியவருவாள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது துன்புறுத்துவதாகப் பிள்ளை சொன்னால் துருவிக் கேட்காமல், சொன்னதை அப்படியே குறித்து, அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவியுங்கள்.

முடிவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் பிள்ளைகளிடம் திரும்பப் போங்கள். கரும்பலகையில் மூன்று பத்தி: செய்தது, எந்தத் தேதிக்குள் செய்வது, முடியாதது. மூன்றாவதற்குக் காரணமும் எழுதுங்கள்.