ரோமானியக் காசுகளை இனங்காணும் முறை

பழைய செப்புக் காசு ஒன்று கைக்கு வந்ததும், புளியோ எலுமிச்சையோ தேய்த்துத் துலக்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய களிம்புப் படலத்தில்தான் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் தங்கியிருக்கும் என்பதால், அமிலம் அதை அரித்துவிட்டால் படிக்க ஒன்றும் எஞ்சாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கினால் போதும்.

அடுத்து, நகை நிறுக்கும் தராசில் எடையையும் அளவுகோலில் விட்டத்தையும் குறித்துக்கொள்க. பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசு ஏறத்தாழ 3.8 கிராம் இருக்கும், கி.பி. 64இல் பேரரசர் நீரோ செய்த எடைக் குறைப்புக்குப் பிறகு அது 3.4 கிராம் அளவுக்கு இறங்கியது. ஓரத்தில் செம்பு தெரிந்தால், அது அக்காலத்திலேயே வெள்ளி பொதிந்து செய்த போலியாக இருக்கலாம். அதையும் நான் சேகரிக்கத்தக்கதாகவே கருதுகிறேன். ஓரத்தைச் சுற்றி ஒட்டுக்கோடும் பரப்பில் நுண்குழிகளும் தெரிவது அச்சில் வார்த்த போலியின் அறிகுறியாகும். ஏனெனில் ரோமானியர் இக்காசுகளைச் சம்மட்டியால் அடித்தே முத்திரையிட்டனர்.

பிறகு முன்புறத்தில் பேரரசரின் தலையைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துகளைப் படிக்க வேண்டும். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ நிற்கும். ‘ஏ-வி-ஜி’ என்பது அகஸ்டஸ் என்னும் பட்டம் மட்டுமே, பேரரசர் அனைவருக்கும் பொதுவானது; ஆகவே பெயரை அதற்கு முன்னால் தேட வேண்டும். ‘சி-ஓ-எஸ்’ என்பதை அடுத்து வரும் எண், அவர் எத்தனையாம் முறை கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவி ஏற்றார் என்பதைச் சொல்லும். பேரரசர் டிராஜனின் காசில் அந்த எண் ஐந்தானால் காலம் 103க்கும் 111க்கும் இடைப்பட்டது. ஆறானால் 112 முதல் 117 வரை.

தமிழகத்தில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகள் மிகுதி: பின்புறத்தில் கேடயங்களுடன் அவருடைய பேரர்களான கையஸும் லூசியஸும் நிற்கும் அகஸ்டஸ் காசு, செங்கோலும் கிளையும் ஏந்திப் பெண் ஒருத்தி அமர்ந்திருக்கும் டைபீரியஸ் காசு. இவற்றைப் பார்த்துப் பழகுவதே நல்ல தொடக்கம்.

நான்காம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் மலிவானவை, ஆனால் தேய்ந்தவை. முகம் மறைந்திருந்தாலும் பின்புறம் கைகொடுக்கும். இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் 330 முதல் 335 வரையிலானது, ஒரே கொடியானால் அதற்குப் பிந்தியது. பின்புற உருவத்தின் அடியிலுள்ள கோட்டின் கீழ் வரும் எழுத்துகள், காசு அடித்த அக்கசாலை இருந்த நகரத்தைக் காட்டும்: ‘எஸ்-எம்-ஏ-என்’ அந்தியோக்கியா, ‘டி-ஆர்’ டிரியர். ‘சி-ஓ-என்-எஸ்’ கான்ஸ்டாண்டிநோபிள், ஆனால் இறுதியில் ‘டி’ சேர்ந்து, முன்னால் ‘பி’ அல்லது ‘எஸ்’ நின்றால் அது ஆர்ல் நகரம்.

இனங்கண்ட காசைப் பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல், எடை, விட்டம், வாங்கிய இடம் எழுதிய காகித உறையில் வைக்கவும். இந்தியாவில் மண்ணிலிருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.