கமராவுக்கு முன் யார்? திருகோணமலையில் ஆவணப்படத்துக்கு ஆள் தெரிவுசெய்வது

கரையில் இறங்கி, "கரைவலையைப் பற்றி நல்லாச் சொல்லக்கூடியவர் யார்?" என்று, கரையில் நின்று இழுக்கும் அந்தப் பெருவலையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். பல ரீவிக்காரருக்கு ஏற்கெனவே பேசியவராக இருப்பார். எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதுகூட அவருக்குப் பாடம். அவரிடம் வழி கேளுங்கள், முதன்மை ஆளாக எடுக்காதீர்கள். "இந்தக் கிழமை யாருடைய வலை கிழிந்தது?" என்று கேட்டால் வேறு பெயர்கள் வரும். கையில் வேலையும், படப்பிடிப்பு முடிவதற்குள் தீர வேண்டிய ஒரு காரியமும் உள்ளவரே நமக்கு வேண்டியவர்.

12 பேரளவில் பட்டியல் போட்டு, 5 பேரைச் சோதித்து, 2 பேரை எடுங்கள். ஒருவரைக் கைவசம் வைத்திருங்கள். தென்மேற்குக் காற்று வீசும் சோளகப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் போடுபவர்கள், வடகிழக்குக் காற்றான வாடைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள்; அவர்களில் ஒருவரை எடுத்தால் நாள்காட்டி உங்கள் கையில் இல்லை.

முதல் சந்திப்புக்குக் கமரா வேண்டாம். வலை இழுக்கும் நேரத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி கோபிப்பார், அது நியாயம்தான். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். வீட்டில் உள்ளவர்களும் சம்மதமா என்று அன்றே பார்த்துவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் படங்களில் பல அங்கேதான் முறிகின்றன.

சோதனைப் பதிவுக்கு 20 நிமிடம், போனே போதும். முதல் 10 நிமிடம் கேள்வியே இல்லாமல் அவர் வேலை செய்வதை மட்டும் எடுங்கள். பிறகு கேளுங்கள். "கஷ்டமா?" என்றால் "ஓம்" என்பதோடு பதில் முடியும். "நேற்று விடியக் கடலுக்குப் போனதிலிருந்து சொல்லுங்கோ" என்றால் கதை வரும். உங்கள் குரலைப் பிறகு வெட்டப் போவதால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பதில் முடிந்ததும் 5 விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். நல்ல வசனம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழும். மறுநாள் ஒருமுறை ஒலியில்லாமலும் ஒருமுறை படமில்லாமலும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் கமராவைத் திரும்பிப் பார்ப்பவரைத் திருத்துவது கடினம்.

அழுகை வந்ததும் ஆள் கிடைத்துவிட்டார் என்று துள்ளுவது இந்தத் தொழிலின் மோசமான பழக்கம். போரில் உறவைத் தொலைத்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்தக் கேள்வியைச் சோதனையில் கேட்கவே கூடாது. அவராகத் தொடங்கினால், பதிவை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ஒலி போச்சு. சட்டை மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, உரோம உறை வேண்டும். மைக்கைத் துணிக்குள் மறைத்தால் உரசும், நாடாவால் ஒட்டுங்கள். பேச்சு மட்டம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு. தவறினால் கடைகளின் குழல்விளக்கு மினுங்கும். டச்சுக் குடாவில் சூரியன் கடலிலிருந்து எழும். 8 மணிக்குப் பிறகு முகத்தில் வெயில் கடினமாகிவிடும். கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் பாதை, உள்ளே இராணுவம் இருக்கிறது. அங்கே யாரையாவது நடக்கவிட்டு எடுப்பதானால் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். துறைமுகம், கடற்படைத் தளம், சீனக்குடா விமான நிலையம் எல்லாம் அருகருகே உள்ள ஊரில் ட்ரோன் ஆசையை விடுவது நல்லது.

சம்மதப் படிவம் ஒரு பக்கம், எளிய தமிழில். எங்கே காட்டப்படும், யூடியூபில் வருமா, எந்த நாள்வரை விலகலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டி, அதையும் பதிவுசெய்யுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் கையொப்பம். தொழில் கெட்ட நாளுக்குக் கூலி கொடுங்கள், பேச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

தெரிவாகாதவர்களுக்குப் படப்பிடிப்புக்கு முன்பே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் கரையில் கமராவுக்குப் பின்னால் நின்று, "அவனுக்கு என்ன தெரியும்?" என்று உரத்துக் கேட்பார்கள். அந்தக் குரலும் மைக்கில் ஏறும்.